தாளிக்காத குழம்பு

அத்தியாயம் 14

ஆல்பர்ட்டிடமிருந்து போன் வருவது நின்றுபோனதிலிருந்து ஆரோக்கியமேரி கோழி கூவுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள். எழுந்துவிடுகிறாள் என்பதுகூடச் சரியில்லை. தூங்கினால்தானே எழுவதற்கு?

மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவன். கப்பல் போன கடலில் சண்டை. யாருக்கும் யாருக்கும் என்பதை டி.வி.யில் விளக்கி விளக்கிச் சொல்கிறார்கள். அவள் மனதில் அது நிற்பதில்லை. ஏவுகணை என்கிற ஒரு சொல்தான் நிற்கிறது. இந்த டிரிப் முடிந்ததும் லீவு, மிளகு பறிக்க வந்துவிடுவேன் என்று சொன்னவன், அதன் பிறகு பேசவில்லை. சென்னையில் இருக்கும் ஏஜென்ட் ஆபீசைக் கேட்டால், தகவல் வந்ததும் சொல்கிறோம் என்கிறார்கள். நாமக்கல்லில் இருக்கும் மகள் ஸ்டெல்லாதான் அவர்களை விடாமல் விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

திருச்சிப் பக்கத்துச் சமவெளியிலிருந்து மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தவள் ஆரோக்கியமேரி. கணவர் சூசைமாணிக்கம் தோட்டக்கலை ஆபீசில் இருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ரிடையர் ஆனதும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். இவர்கள் இறங்கவில்லை. குளிர் பழகிவிட்டது, மனிதர்களும் பழகிவிட்டார்கள் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது அந்த மனிதர்களைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை. தம்பி பேசிச்சுங்களா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். மேட்டு வீட்டுக் கருப்பண்ணனின் முற்றத்துப் பலா மரத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே போக மாட்டாள். ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே ரோட்டு வளைவு வரை நடந்துபோய், அங்கே நின்று மகனின் நம்பரைப் போடுவாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லும். அதை முழுக்கக் கேட்ட பிறகுதான் கட் செய்வாள். பாதியில் நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்கு மரியாதைக் குறைவு என்பதுபோல.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது கணவரின் பிடில்.

சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் சூசைமாணிக்கத்துக்குப் பிடில் கைக்கு வந்தது. பிறகு சபா, கச்சேரி, கற்றுக்கொடுத்தவர்களின் வீட்டு வாசல் என்று அலைந்து கர்நாடக சங்கீதமும் வந்தது. மேடை ஏறும் அளவுக்கு வளரவில்லை. விட்டுவிடும் அளவுக்குத் தேயவும் இல்லை. வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் மனிதர் பிடிலை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவார். கூரை ஒழுகினால்கூட, பாத்திரம் வைப்பதற்கு முன் சொட்டுகிற சத்தம் எந்த ஸ்வரம் என்று யோசிப்பவர் என்று ஆஸ்பத்திரியில் அவள் சொல்லிச் சிரித்ததுண்டு.

இப்போது சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை; இவருக்கு ராகம் கேட்கிறதா? அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சமைப்பதும் குறைந்துபோனது. டீ, பன், எப்போதாவது கஞ்சி. இருவருக்கும் பசி என்று ஒன்று இருந்த மாதிரியும் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் பிடிலின் தந்தி அறுந்தது. அவளுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி, இது என்ன சகுனமோ என்று பயந்தாள். சகுனம் பார்க்கிற பாவத்துக்காக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சேலம் போனால்தான் புதுத் தந்தி கிடைக்கும் என்று அவர் முனகினார்.

இன்று காலையும் வளைவுக்குப் போனாள். பனி இறங்கி, எதிரே வருகிற பால் வண்டிகூட விளக்கு மட்டுமாகத் தெரிந்தது. நம்பரைப் போட்டாள். அதே பெண், அதே வார்த்தை. வெளிச்சம் வரும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டு முன்னால் ஆட்கள் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது.

சில்வர் ஓக் மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சற்றுத் தள்ளி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கருப்பண்ணன் இருந்தார். அவர் மனைவி அத்தாயி கூந்தலை முடியாமல் விட்டிருந்தாள். அவள் முன்னால் வாழை இலையால் மூடிய ஒரு சோற்றுக் குண்டானும், குழம்புச் சட்டியும். ஆரோக்கியமேரியைப் பார்த்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சட்டியிலிருந்து மொச்சைக் குழம்பின் வாசம் வந்தது. தாளிக்காத வாசம்.

இந்த மலையில் இவ்வளவு வருஷம் இருந்தவளுக்கு அது போதும். துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவருகிற குழம்பைத் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் சந்தோஷத்தின் சத்தம். சாவு வீட்டுக்கு அது ஆகாது. எத்தனையோ வீடுகளுக்கு அத்தாயியோடு இப்படிப்பட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே போயிருக்கிறாள்.

உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், அவள் கணவரின் குரல் கேட்டது. ஆ... என்று தொடங்கி, மேலே ஏறி, உடைந்து, நடுங்கி இறங்கியது. வார்த்தை இல்லை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஆ...

அழுகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். அவர் பாடியதை வாழ்நாளில் பாதிக்கு மேல் கேட்டவள், வாசலில் அந்தச் சட்டியைப் பார்த்த பிறகு, அதை அழுகையாகத்தான் கேட்டாள். நான் இல்லாத நேரத்தில் செய்தி வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அத்தாயி ஓடிவந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி... கடலுக்குப் போன கண்ணு..." என்று அத்தாயி குரலெடுத்ததும் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கதவு திறந்தது. சூசைமாணிக்கம் மப்ளரோடு வாசலில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். தரையில் கிடக்கிற மனைவியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள்.

"மேரி... போன் வந்துச்சா?"

"என்னைக் கேக்குறீங்களே. உங்களுக்கு யார் சொன்னா?"

"எனக்கா? நீதானே வளைவுக்குப் போனே? யார் பேசினா? என்ன சொன்னாங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒப்பாரி மெல்ல மெல்ல அடங்கியது. கருப்பண்ணன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க சார், உங்களுக்குச் சேதி வரலீங்களா?"

"என்ன சேதி?"

"விடியறதுக்கு முன்னாலிருந்து நீங்க அழுதுட்டு இருக்கீங்களேன்னு..."

சூசைமாணிக்கம் புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. தந்தி அறுந்துவிட்டது; தூக்கமும் வரவில்லை; அதனால் வாயாலேயே பாடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார்.

"பாட்டுங்களா அது?" என்றாள் அத்தாயி, மிகவும் தாழ்ந்த குரலில். "வார்த்தையே இல்லீங்களே சார். தாளமும் இல்ல. வார்த்தையும் தாளமும் இல்லாம மனுசன் அழுகத்தானுங்களே செய்வான்?"

"பிலஹரிம்மா. காலை நேரத்து ராகம். சந்தோஷமான ராகம்" என்றார் அவர். அந்த நிலையிலும் அவர் குரலில் லேசாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆரோக்கியமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தி வரவில்லை, பிள்ளை சாகவில்லை என்று மனம் ஒரு பக்கம் துள்ளியது. மறு பக்கம், அவ்வளவு நாளும் அடைத்து வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அந்தச் சட்டியின் மேல் பாய்ந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு எழவுச் சோறு கொண்டுவந்தீர்களா, என் வாசலில் உட்கார்ந்து என் பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தீர்களா என்று கத்தினாள். அந்த மலையில் அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களைக்கூடக் கண்ணு, சாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்.

"எடுத்துட்டுப் போ அத்தாயி. என் கண்ணு முன்னால நிக்காதே."

அத்தாயி சட்டியை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போனால், எடுத்துப் போகிறவள் வீட்டுக்குத் துக்கம் கூடவே போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கீழே கொட்டினால், கொட்டிய வீட்டில் அது தங்கிவிடும். இரண்டும் முடியாமல் அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"தெரியாம செஞ்சுபோட்டேனுங்க நர்சம்மா. நீங்க ரெண்டு நாளா அடுப்பு பத்தவைக்கலைன்னு பொகை வராததப் பார்த்தே தெரிஞ்சுதுங்க. வயித்துக்கு ஒண்ணும் இல்லாமக் கெடப்பீங்களேன்னு... அதுக்குத்தானுங்க வந்தேன்."

உண்மையில் அந்த வீட்டில் இருப்பது காஸ் அடுப்பு. வெந்நீர் போடுகிற விறகடுப்பில் மட்டும்தான் புகை வரும். அந்தப் புகை வராததை மேட்டிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆரோக்கியமேரியின் பார்வை அத்தாயியின் பாதங்களுக்குப் போனது. செருப்பில்லை. விடிந்தும் விடியாத அந்தப் பனியில், சாமைச் சோறு ஒரு கையிலும் குழம்பு ஒரு கையிலுமாக அந்த மேட்டிலிருந்து இறங்கி வந்த பாதங்கள். குதிகால் வெடிப்பில் ஈர மண் அப்பியிருந்தது.

ஆண்டவர் சில நேரம் நம் வாசலுக்கு வருகிறார். நாம் எதிர்பார்க்கிற நல்ல செய்தியோடு வருவதில்லை. தப்பான செய்தியோடு, சரியான சோற்றோடு வருகிறார்.

அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். வீட்டுக்குள் போனாள். அத்தாயி பதறிப்போய், வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள்.

ஆரோக்கியமேரி அடுப்பைப் பற்றவைத்தாள். கரண்டியில் எண்ணெய் விட்டாள். காய்ந்ததும் ஒரு பிடி கடுகு போட்டாள். கைக்கு அளவு மறந்துபோயிருந்தது. கடுகு படபடவென்று வெடித்தது. வரமிளகாயைக் கிள்ளிப் போட்டாள், கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். குழம்பில் கொட்டியதும் சுர்ரென்று ஒரு சத்தம் எழுந்து, வாசல் வரை வாசம் போனது.

படியில் நின்றிருந்த அத்தாயி அப்படியே உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"இனிமே இது சாதாரணக் குழம்பு" என்றாள் ஆரோக்கியமேரி. "எல்லாரையும் உக்காரச் சொல்லு. முதல்ல கூந்தலை முடி."

மரத்தடியில் எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடுகு கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சூசைமாணிக்கம் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். ஆரோக்கியமேரி கடைசியாக உட்கார்ந்தாள். அவள் தட்டில் மொச்சையாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அத்தாயி அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

அவர்கள் போன பிறகு வீடு மறுபடி அமைதியாயிற்று. கணவரும் மனைவியும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முன்னைப் போல அவர் எழுந்து உள் அறைக்குப் போகவில்லை. தந்தி அறுந்த பிடிலை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்ய?

இப்படி விடியற்காலையில் பாடுவானேன், ஜெபம் செய்யக் கூடாதா என்று அவள் கேட்டாள். குற்றம் சாட்டத்தான் ஆரம்பித்தாள். குரல் களைத்துப்போய் அது வெறும் கேள்வியாக வெளியே வந்தது.

அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தார், நீவினார், மறுபடி மடித்தார்.

"ஜெபம் சொல்ல முடியலை மேரி. 'உமது திருவுளம்'னு ஒரு இடம் வருதில்ல? அங்க நாக்கு நின்னுபோகுது. ஆண்டவரோட திருவுளம் வேற மாதிரி இருந்துட்டா? அது நிறைவேறட்டும்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லவும் முடியலை, சொல்லாம தாண்டிப் போகவும் பயமா இருக்கு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டுல அந்தச் சங்கடம் இல்லை. வார்த்தை கிடையாதில்ல. அவர்கிட்ட பொய் சொல்ல வேண்டியதில்லை. எங்க வலிக்குதோ அங்கேருந்து ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் புரிஞ்சுக்குவார்னு நெனச்சேன்."

ஜெபமாலையை உருட்டி உருட்டி ஆரோக்கியமேரியின் விரல் நுனிகள் கன்றிப்போயிருந்தன. அந்தச் சொற்களை ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒரு தடவைகூட அவை காதில் விழவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவர் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் வாய் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறார். தன் துக்கத்திலிருந்து அவர் ஓடி ஒளிந்துகொள்வதாக அவள் நினைத்திருந்தாள். அவரோ ஒவ்வொரு நாளும் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவள் எழுந்துபோய் அவருக்கு வெந்நீர் போட விறகடுப்பைப் பற்றவைத்தாள்.

மத்தியான பஸ்ஸில் ஸ்டெல்லா வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் கைப்பையைக் கட்டிலில் எறிந்தாள். முகம் வீங்கியிருந்தது.

காலையில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பாதிச் செய்திதான் பரவியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த தேவனூர் நாட்டு அம்மாள் ஒருத்தி, உங்க தம்பிக்கு இப்படி ஆகிப்போச்சே கண்ணு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டெல்லா செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். இறங்கின இடத்தில் டீக்கடைக்காரர்தான் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார்.

அவள் கொண்டுவந்த செய்தி வேறு. காலையில் ஏஜென்ட் ஆபீசிலிருந்து பேசியிருக்கிறார்கள். கப்பல் தாக்கப்பட்டது உண்மை. இன்ஜின் அறைப் பக்கம் தீப்பிடித்தது. ஆட்கள் இரண்டு படகுகளில் இறங்கிவிட்டார்கள். ஒரு படகை வேறொரு கப்பல் கண்டுபிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. இன்னொரு படகைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த படகில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்னும் பெயர் வரவில்லை. இன்றைக்குள் வந்துவிடும்.

இன்ஜின் அறை என்ற சொல்லுக்குப் பிறகு ஆரோக்கியமேரியின் காதில் சரியாக ஒன்றும் விழவில்லை. மகள் அதையே திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

சூசைமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு அசைவதைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாடப் போறீங்களாப்பா? பாடுங்க. அவன் கடல்ல கிடக்குறான். நீங்க பாடினதுல ஊரே கூடி எழவு எடுத்துடுச்சு. இன்னும் என்ன பாக்கி?"

"அவரைச் சொல்லாதே ஸ்டெல்லா" என்றாள் ஆரோக்கியமேரி.

"நேத்து போன்ல இதையே நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன்."

ஸ்டெல்லா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையை அவள் தட்டிவிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தேறி எழுந்து, கீழே கிளம்புங்கள் என்றாள். நாமக்கல்லுக்குப் போய்விடலாம், பெயர் வந்தால் உடனே தெரியும், இங்கே சிக்னல் இல்லாமல் எப்படிக் காத்திருப்பது? அவள் சொன்னது நியாயம். ஆனால் பஸ்ஸில் இறங்குகிற அவ்வளவு நேரமும் போன் எட்டாதே? அந்த நேரத்தில் பெயர் வந்துவிட்டால்? போவதா இருப்பதா என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றிருந்தபோது, கருப்பண்ணன் வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றார். காலையில் நடந்ததற்குப் பிறகு உள்ளே வரக் கூசினார் போலிருக்கிறது.

"ஏனுங்க, நம்ம ஊட்டுக்கு வந்துருங்களே. பலா மரத்துல போனு நல்லா எடுக்குமுங்க. சேதி வர்ற வரைக்கும் அங்க இருக்கலாம்."

இவ்வளவு நாள் அந்த மேட்டின் பக்கம் தலைவைக்காத ஆரோக்கியமேரி, வாரேங்க என்று சொல்லிவிட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கருப்பண்ணன் வீட்டு முற்றத்துப் பலா மரத்தில் ஒரு துணிப்பை தொங்கும். வீட்டில் இருக்கிற போன்களெல்லாம் அதில்தான் கிடக்கும். கையில் வைத்திருந்தால் சிக்னல் வராது. அந்தக் கிளையில், அந்த உயரத்தில்தான் வரும். மணி அடித்தால் ஓடிப்போய்ப் பைக்குள் தலையை விட்டுப் பேச வேண்டும். ஸ்டெல்லா தன் போனை அந்தப் பையில் போட்டாள். அத்தாயி பாய் விரித்தாள். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

காத்திருப்பதைப் போலக் களைப்புத் தருகிற வேலை உலகத்தில் இல்லை. வெயில் சரிந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்களின் நிழல் நீண்டது. எல்லாருடைய கண்ணும் அந்தப் பையின் மேலேயே இருந்தது. ஒருமுறை மணி அடித்தது. ஸ்டெல்லா பாய்ந்து போனாள். உர மானியம் பற்றிய விளம்பரக் குரல், அதுவும் கருப்பண்ணனின் போனில். அதன் பிறகு அந்த மௌனத்தைத் தாங்குவது முன்னைவிடக் கஷ்டமாயிற்று.

அத்தாயிதான் அதை உடைத்தாள்.

"ஏனுங்க சார், காலைல பாடுனீங்களே, அத ஒருக்காப் பாடுங்களேன். இப்பத்தான் பாட்டுன்னு தெரியுமுங்களே. தப்பா நெனைக்க மாட்டோம்."

சூசைமாணிக்கம் மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். பிலஹரிக்கு இது வேளை இல்லையே என்று தயங்கினார்.

"இன்னைக்கு நமக்கு இன்னும் விடியலையே" என்றாள் ஆரோக்கியமேரி. "பாடுங்க."

அவர் பாடினார். வயதான குரல். மேல் ஸ்தாயியில் நிற்க முடியாமல் விரிசல் விட்டது. காலையில் அவளுக்கு அழுகையாகக் கேட்டது அந்த விரிசல்தான். இப்போது அந்த விரிசலுக்குள் ஏதோ இருப்பது தெரிந்தது.

அந்த ராகத்தின் போக்கு அப்படி: ஏறும்போது சில ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிக் குதித்து ஏறிவிடும். இறங்கும்போது ஒன்றையும் விடாது. ஒவ்வொரு படியிலும் கால் வைத்து, நின்று, அடுத்ததில் கால் வைத்து இறங்கும். ஆரோக்கியமேரிக்கு ஸ்வரத்தின் பெயர்கள் தெரியாது. ஆனால் அறுபதைத் தாண்டியவளுக்கு அந்த இறக்கம் தெரிந்தது. வயதில் ஏறும்போது எதையெதையோ தாண்டிக் குதித்து வந்தாயிற்று. இறங்கும்போதுதான் எதையும் தாண்ட முடிவதில்லை.

மூச்சு போதாமல் அவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் தன்னை அறியாமல், தொண்டைக்குள்ளேயே, அடி ஸ்வரத்தைப் பிடித்து ம்... என்று இழுத்தாள். சமையலறையில் வேலை செய்துகொண்டே வருஷக்கணக்காகக் கேட்டது; கற்றுக்கொண்டதாக அவள் நினைத்ததே இல்லை. சூசைமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஒற்றை ஸ்வரத்தின் மேல் சாய்ந்துகொண்டு மறுபடி தொடங்கினார்.

ஸ்டெல்லா நகர்ந்து வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்தாள். அத்தாயி கண்ணை மூடியிருந்தாள். கருப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை மரியாதைக்காக.

கவலை குறையவில்லை. கடல் அங்கேதான் இருந்தது. படகும் அங்கேதான் இருந்தது. ஆனால் அந்தச் சுமையை இத்தனை பேருமாகக் கொஞ்ச தூரம் தூக்கிப் போகலாம் போலிருந்தது. உம்மிடம் கேட்க எனக்கு வார்த்தை இல்லை, இதை வைத்துக்கொள்ளும் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். பல நாள்களுக்குப் பிறகு அவள் செய்த உண்மையான ஜெபம் அதுதான்.

பைக்குள் மணி அடித்தது.

பாட்டு நின்றது. ஸ்டெல்லா எழுந்து ஓடிப் பையைப் பிடித்தாள். நீளமான நம்பர், வெளிநாடு. போன் அவள் கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஆரோக்கியமேரி போய் அதை வாங்கினாள். கிளையை விட்டு நகராமல், பையோடு சேர்த்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

இரைச்சல். காற்று. பிறகு ஓர் இளைஞனின் குரல், தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழில், அவசரமாக.

"ஸ்டெல்லா அக்காவா?"

"நான் அவ அம்மா. ஆல்பர்ட்டோட அம்மா."

அந்தப் பக்கம் ஒரு கணம் தயங்கியது.

"அம்மா, நான் ஆல்பர்ட் கூட ஒரே ரூம்ல இருந்தவன். எங்களை இப்பத்தான் கரைக்குக் கொண்டுவந்து விட்டிருக்காவ. நீங்க... நீங்க முதல்ல உக்காருங்கம்மா."

மரத்தடியில் நான்கு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சிக்னல் போய்விடும். காலையில் மண்ணில் சரிந்த கால்கள்தான், இப்போது நின்றன. கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கம், இத்தனை வருஷம் நோயாளிகளின் தலைமாட்டில் நின்றவளுக்குப் புரிந்தது. அதுவும் யாரோ பெற்ற பிள்ளை. தீயிலிருந்து தப்பிக் கடலில் கிடந்து இப்போதுதான் தரையை மிதித்திருக்கிறது. அவன் அம்மாவிடம்கூட இன்னும் பேசியிருக்க மாட்டான்.

"பரவாயில்லை கண்ணு, நின்னுக்கிட்டே கேக்குறேன்" என்றாள். "உனக்கு அடி ஒண்ணும் படலையே? நீ நல்லா இருக்கியா? அதை முதல்ல சொல்லு."

அந்தப் பக்கம் காற்றிரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அந்தப் பையன் விம்மி விம்மி அழத் தொடங்கினான்.

தப்பித்ததற்காக அழுகிறானா, சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டியிருப்பதற்காக அழுகிறானா என்று தெரியவில்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று, போனைக் காதிலிருந்து எடுக்காமல், கிளையை ஒரு கையால் பற்றிக்கொண்டு ஆரோக்கியமேரி நின்றாள்.